பாவு பிணைத்தல்

தயிர் உறைய மோர் வேண்டும். அந்த மோர் நேற்றைய தயிரிலிருந்து வந்தது. நேற்றைய தயிருக்கு முந்தாநாள் மோர். இப்படிப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால், எங்கோ ஒரு நாள் யாரோ ஒருவர் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் இரவல் வாங்கியிருப்பது தெரியவரும். நிரல்மொழிகளின் வரலாற்றிலும் இதே கேள்வி உண்டு. மனிதர் எழுதும் மூல நிரலைப் பொறி நிறைவேற்றத்தக்க கட்டளைகளாக மாற்றுவது தொகுப்பி, பேச்சுவழக்கில் கம்பைலர். அந்தத் தொகுப்பியும் ஒரு நிரலே. எனில், தொகுப்பியைத் தொகுத்தது எது?

இன்று வழக்கில் உள்ள பெரிய மொழிகள் பலவற்றின் தொகுப்பிகள் அந்தந்த மொழியிலேயே எழுதப்பட்டவை. கோ மொழியின் தொகுப்பி முதலில் சி மொழியில் இருந்தது. 2015இல் வெளியான 1.5 பதிப்பு முதல் அது கோ மொழியிலேயே இருக்கிறது. ரஸ்ட் மொழியின் முதல் தொகுப்பி ஓகேமல் மொழியில் எழுதப்பட்டு, பின்னரே ரஸ்டுக்கு மாறியது. ஒரு மொழி பிறமொழியின் துணையோடு எழுந்து, பின்னர் தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் நிலையை அடைவதை 'பூட்ஸ்ட்ராப்பிங்' என்கிறார்கள். தன் காலணி வாரைத் தானே பற்றித் தன்னை உயரத் தூக்கிக்கொள்வது என்னும் வேடிக்கையான உருவகத்திலிருந்து வந்த சொல் அது. தமிழில் தற்றொடக்கம் எனலாம்.

மைசூரு ஹெப்பாளில் வாடகை அறையொன்றில் வசிக்கும் ஓர் இளம் மென்பொருள் பொறியாளர், கடந்த ஓராண்டாக இந்தத் தற்றொடக்கத்தை மிகச் சிறியதோர் இயங்குதளத்தில் நிகழ்த்திப் பார்க்க முயன்று வந்தார். ஹெப்பாள் என்றதும் பலருக்கு இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் பரந்த பயிற்சி வளாகம் நினைவுக்கு வரும். அதைச் சூழ்ந்து தொழிற்கூடங்களும் சிறிய மின்னணு நிறுவனங்களும் ஏரியும் குடியிருப்புகளும் உள்ளன. ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து பொறியியல் பட்டதாரிகள் பயிற்சிக்கென்று பேருந்தேறி வந்து இறங்கும் இடம் அது. இந்தப் பொறியாளரும் அப்படி வந்தவரே. சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்துக்காரர். தந்தை விசைத்தறி ஓட்டியவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். கம்பைலர் என்ற சொல்லையே கல்லூரியில்தான் முதலில் கேட்டார். வேலையில் நாள்தோறும் நூறு முறையேனும் தொகுப்பியை இயக்குகிறார். அது உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை என்ற உறுத்தலே இந்த முயற்சியின் தொடக்கம்.

அவர் தேர்ந்துகொண்ட இயங்குதளத்தின் பெயர் எக்ஸ்போஸ். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணினி அறிவியல் துறையில், பேராசிரியர் கே. முரளிகிருஷ்ணன் வழிகாட்டுதலில் மாணவர்களின் உழைப்பால் உருவான கற்பித்தல் இயங்குதளம் அது. கடையில் விலைக்குக் கிடைக்கும் எந்தக் கணினியிலும் அது நேரடியாக ஓடாது. எக்ஸ்எஸ்எம் என்னும் கற்பனைப் பொறியை லினக்ஸ் கணினியில் மென்பொருளாக உருவகித்து, அதன்மேல் அதை ஓட்ட வேண்டும். இதன் தனிச்சிறப்பு, மாணவர் இயங்குதளத்தைப் படிப்பதில்லை, எழுதுகிறார். 28 கட்டங்களாக வகுக்கப்பட்ட பாடவழியில், ஒரே ஒரு கட்டளையை ஓட்டி நிறுத்துவதில் தொடங்கி, நினைவகப் பகிர்வு, செயல்முறைகளின் அட்டவணை, கோப்பு முறைமை, பல பயனர் வசதி வரை ஒவ்வொன்றையும் தானே கட்டி எழுப்ப வேண்டும். கருவை எழுத எஸ்பிஎல் என்றொரு மொழி. பயனர் நிரல்களை எழுத எக்ஸ்பிஎல் என்றொரு மொழி. அதே துறை எக்ஸ்பிஎல் மொழிக்குத் தொகுப்பி எழுதும் பாடவழி ஒன்றையும் தனியே வைத்திருக்கிறது.

ஆனால் அந்தத் தொகுப்பி எக்ஸ்போஸுக்குள் ஓடுவதில்லை. அது சி மொழியில், லெக்ஸ், யாக் ஆகிய கருவிகளின் துணையோடு எழுதப்பட்டு லினக்ஸில் ஓடுகிறது. அங்கே தொகுத்ததை ஓர் இடைமுகக் கருவி வழியாக எக்ஸ்போஸின் வட்டில் ஏற்ற வேண்டும். இத்தகையதைக் குறுக்குத் தொகுப்பி என்பார்கள்: ஓரிடத்தில் சமைத்து வேறிடத்தில் பரிமாறுவது. பொறியாளர் கேட்டுக்கொண்ட கேள்வி எளியது. எக்ஸ்போஸ் தன் சமையலைத் தானே செய்துகொள்ள முடியுமா?

முடியாது என்பதற்கு மூன்று சுவர்கள் இருந்தன.

முதற்சுவர் இடம். எக்ஸ்எஸ்எம் பொறியின் நினைவகம் 128 பக்கங்கள். பக்கத்துக்கு 512 சொற்கள். இங்கே சொல் என்பது நினைவகத்தின் ஓர் அறை. அதில் ஓர் எண்ணோ ஒரு சிறு எழுத்துச்சரமோ அமரும். ஒரு பயனர் நிரலின் கட்டளைப் பகுதிக்கு 4 பக்கங்கள், அதாவது 2048 சொற்கள் மட்டுமே. அதில் 8 சொற்கள் தலைப்புக்குப் போகும். ஒவ்வொரு கட்டளையும் 2 சொற்களை எடுத்துக்கொள்ளும். ஆக, எந்த நிரலும் 1020 கட்டளைகளைத் தாண்ட இயலாது. மாறிகளுக்கும் அடுக்குக்கும் சேர்த்து 1024 சொற்கள். குவியலுக்கு இன்னொரு 1024. ஒரு கோப்பின் உச்ச அளவும் 4 வட்டுத் தொகுதிகள், அதாவது 2048 சொற்கள்.

இரண்டாம் சுவர் எழுத்து. எக்ஸ்பிஎல் மொழியில் ஒரு சரத்தை இன்னொரு சரத்தோடு ஒப்பிடலாம்; ஆனால் அதைப் பிளந்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வழியில்லை. தொகுப்பியின் முதல் வேலையே மூல நிரலை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொற்களாகப் பிரிப்பது. அந்த வேலைக்கே இங்கு இடமில்லை.

மூன்றாம் சுவர் விதி. எக்ஸ்போஸில் பயனர் நிரல் தரவுக் கோப்பை உருவாக்கலாம். இயக்கத்தக்க கோப்பை உருவாக்க முடியாது. புதிய நிரல் எதுவும் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். கற்பித்தலுக்கான அமைப்பை எளிமையாக வைத்திருக்க எடுத்த நியாயமான முடிவு அது.

கருவை எழுதியவர் அவரே ஆதலால் மூன்றாம் சுவரை ஒரே வரியில் இடித்திருக்கலாம். அதை அவர் செய்யவில்லை. விதியைத் தளர்த்தி வெல்வது வேறொரு விளையாட்டை வெல்வதாகும் என்று கருதினார். முன்னோர் இதே சுவர்களைச் சந்தித்தபோது என்ன செய்தார்கள் என்று தேடினார். அந்தத் தேடல் அவரை வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது.

தன் மொழியிலேயே விவரிக்கப்பட்ட தொகுப்பி என்ற கருத்து 1951ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் கொராடோ பேம் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில். 1962இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஹார்ட், மைக் லெவின் இருவரும் லிஸ்ப் மொழிக்கான தொகுப்பியை லிஸ்பிலேயே எழுதினர். அப்போது லிஸ்புக்கு ஓர் இயக்கமொழிபெயர்ப்பி, அதாவது வரிவரியாகப் படித்து அவ்வப்போதே நிறைவேற்றும் இன்டர்பிரட்டர், ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் தொகுப்பியை ஓட்டி, தொகுப்பியையே அதற்கு உணவாகக் கொடுத்தார்கள். மெதுவாக ஓடிய தொகுப்பி, விரைவாக ஓடும் தன் பிரதியைத் தானே ஈன்றது. சூரிச்சில் நிக்லவுஸ் விர்த் பாஸ்கலை உருவாக்கியபோது, முதலில் ஃபோர்ட்ரானில் எழுதிய தொகுப்பி தோற்றது. பிறகு பாஸ்கலிலேயே தொகுப்பியை எழுதி, அதைக் கீழ்நிலை மொழியொன்றுக்குக் கையாலேயே பெயர்த்து, 1970இல் உயிர்கொடுத்தார்கள். இடத்தின் நெருக்கடிக்கும் முன்னுதாரணம் உண்டு: ஐபிஎம் 1401 கணினிக்கான ஃபோர்ட்ரான் தொகுப்பி 8000 எழுத்துகள் மட்டுமே கொள்ளும் நினைவகத்துக்குள், 63 கட்டங்களாகப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது.

அவருக்கு வழிகாட்டியது இவற்றுள் பாஸ்கல்தான். அடுத்த சில ஆண்டுகளில் சூரிச் குழுவினர் பாஸ்கலை வேறு கணினிகளுக்குக் கொண்டுசெல்ல ஓர் உபாயம் கண்டனர். தொகுப்பி எந்த உண்மைப் பொறிக்கும் கட்டளை எழுத வேண்டாம். மனத்தில் வகுத்துக்கொண்ட ஓர் எளிய அடுக்குப் பொறிக்கு எழுதட்டும். அந்தக் கட்டளைகள் வெறும் எண்கள். புதிய கணினியில் அந்த எண்களைப் படித்து நிறைவேற்றும் சிறு நிரலொன்றை மட்டும் எழுதிவிட்டால் பாஸ்கல் முழுவதும் அங்கே வந்துவிடும். இந்த பாஸ்கல் பி தொகுப்பியின் செயலாக்கக் குறிப்புகளில் முதற்பெயராக நிற்பது ஓர் இந்தியரின் பெயர்: கே. வி. நோரி. பின்னாளில் புனேவில் டாடா ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய கேசவ் நோரிதான் அவர். உலகெங்கும் பாஸ்கல் பரவிய பாதையில் ஓர் இந்தியக் கை இருந்ததை நம் பாடநூல்கள் நினைவுகூர்வது அரிது.

அந்த உபாயம் மூன்றாம் சுவரை இடிக்காமலே தாண்டியது. எண்களின் வரிசை தரவுக் கோப்புதானே. அதை உருவாக்க எக்ஸ்போஸ் தடை சொல்வதில்லை. இயக்கமொழிபெயர்ப்பியை மட்டும் லினக்ஸில் தொகுத்து ஒருமுறை உள்ளே ஏற்றினால் போதும். அதுவும் 1020 கட்டளைகளுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வோர் அமைப்பு அழைப்பும் பதிவகங்களைச் சேமித்து மீட்கக் கணிசமான கட்டளைகளை விழுங்கியது. ஆகவே கோப்பைப் படிக்க ஒரே ஒரு சார்பு, எழுத ஒரே ஒரு சார்பு என்று சுருக்கினார். எக்ஸ்பிஎல்லில் எண்ணும் சரமும் வெவ்வேறு வகைகள் ஆதலால் ஓர் அடுக்கு போதவில்லை. எண்ணுக்கு ஒன்று, சரத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்தார்.

இரண்டாம் சுவருக்கு அவர் கண்ட விடை இன்னும் எளியது. எக்ஸ்போஸில் விசைப்பலகையிலிருந்து ஒரு முறை படித்தால் ஒரு சொல் வரும். கோப்பில் ஒரு முறை எழுதினால் ஒரு சொல் அமரும். எனவே வரிக்கு ஒரு சொல்லாகத் தட்டச்சிட்டால், சொற்பிரிப்பு வேலையை மனித விரல்களே முடித்துவிடுகின்றன. எண் வரும் இடத்தில் அதற்கு முன் ஓர் அடையாளச் சொல், சரம் வரும் இடத்தில் இன்னோர் அடையாளச் சொல். தொகுப்பி ஒப்பிட்டால் போதும், பிளக்க வேண்டியதில்லை.

எஞ்சியது இடம். இங்கேதான் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய ஒன்று நிகழ்ந்தது. முதலில் அவர் வகுத்த சிறுமொழியில் வினைகள் நடுவில் நின்றன: 'அ' கூட்டல் 'ஆ' என்பது போல. எது முன், எது பின் என்று முன்னுரிமை பார்க்கும் பகுதியே தொகுப்பியில் பாதி இடத்தைத் தின்றது. பல இரவுகள் அதோடு மல்லாடிவிட்டு, வினையைக் கடைசிக்குத் தள்ளினார்: மூன்று, ஐந்து, கூட்டு. அடுக்குப் பொறி எதிர்பார்ப்பதும் இதே வரிசை. மூன்றைத் தள்ளு, ஐந்தைத் தள்ளு, மேலிருக்கும் இரண்டையும் கூட்டு. முன்னுரிமை பார்க்கும் பகுதி முழுதும் தேவையற்றுப் போனது. நிபந்தனையும் அப்படியே ஆனது: முதலில் நிபந்தனை, பிறகு 'ஆனால்'. ஃபோர்த் போன்ற மொழிகள் இதே காரணத்துக்காகத்தான் வினையைக் கடைசியில் வைத்தன. அது தமிழ்த் தொடரின் இயல்பும்கூட. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்பது தமிழ் இலக்கணத்துக்கு இணங்க எடுத்த முடிவு. ஹெப்பாள் பொறியாளர் அந்த இடத்துக்கு இலக்கணத்தின் வழியாக வரவில்லை. நினைவக வறுமையின் வழியாக வந்தார். வந்து சேர்ந்த பிறகே, தான் வகுத்தது தன் தாய்மொழியின் சொல்லொழுங்கு என்பதைக் கண்டார். ஒரேயோர் இடத்தில் மட்டும் அது இடறியது. மடக்கில் நிபந்தனைக்கே திரும்பிவர வேண்டும். 'வரை' என்ற சொல் வரும்போது நிபந்தனை தொடங்கிய இடம் கடந்துபோயிருக்கும். ஆகவே மடக்கின் தலையில் 'இங்கே தொடங்கு' என்றோர் அடையாளச் சொல்லை நட்டார்.

அடுத்தது கையால் தொகுக்கும் வேலை. அந்தச் சிறுமொழியில் தொகுப்பியை எழுதினார். ஆயிரம் சொற்களுக்கு உட்பட்டது. அதைத் தொகுக்கத் தொகுப்பி இல்லை. எனவே நீளவாக்குக் குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் எண்ணை எழுதி, தாவல்களின் முகவரிகளைக் கூட்டிக் கணக்கிட்டு நிரப்பினார். இடையில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அதற்குப் பிந்தைய முகவரிகள் அனைத்தும் நகரும். பென்சிலும் அழிப்பானும் இன்றி ஆகாத வேலை.

இந்நாட்களில்தான் ஊரில் தந்தையின் இரண்டு விசைத்தறிகளும் பழைய இரும்பு விலைக்குப் போயின. கூலி கட்டுப்படியாகவில்லை; பாவு கொடுத்துவந்தவரும் கையை விரித்துவிட்டார். தொலைபேசியில் தந்தை அதைப் பெரிதாகச் சொல்லவில்லை; மகளின் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"இதனால சம்பளம் ஏறுமாம்மா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு?"

மகள் தனக்குத் தெரிந்த அளவில் விளக்கினார்: தொகுப்பியை உருவாக்க ஒரு தொகுப்பி வேண்டும், முதலில் இல்லாதபோது கையால் ஒருமுறை செய்தாக வேண்டும், ஒருமுறை செய்துவிட்டால் பிறகு அதுவே அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். சற்று நேரம் பேசாமலிருந்த தந்தை, "பாவு பிணைக்கிற மாதிரி" என்றார்.

தறியைப் பார்த்திராதவர்களுக்கு இது விளங்காது. தறியில் நெடுக்காக ஓடும் இழைகளின் தொகுதி பாவு. ஆயிரக்கணக்கான இழைகள் ஒவ்வொன்றும் விழுதின் கண் வழியாகவும் அச்சின் பல் வழியாகவும் தன் வரிசை பிறழாமல் கோக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு பாவு தீரும்போது அதை முழுதாக நெய்து வெட்டி எடுத்துவிடுவதில்லை. கடைசி முழத்தைத் தறியிலேயே விட்டுவைத்து, அதன் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையை முறுக்கிப் பிணைப்பார்கள். பிறகு மெல்ல இழுத்தால், பழைய இழை புதிய இழையை விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் வழிநடத்திக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பழையது கழிந்துபோகும், ஒழுங்கு மட்டும் புதியதில் தங்கும். பழைய பாவு அடியோடு அறுந்த தறியில் அந்த ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக மறுபடி கோக்க வேண்டும். விற்றுப்போன தறிகளில் பாவு அறுத்துத்தான் எடுக்கப்பட்டிருக்கும் என்பதை இருவருமே அந்த உரையாடலில் சொல்லிக்கொள்ளவில்லை.

கையால் தொகுத்த கோப்பு வட்டில் ஏறியது. அதை இயக்கமொழிபெயர்ப்பியின் மேல் ஓட்டி, தொகுப்பியின் மூல நிரலையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்தார். கிடைத்த வெளியீட்டை முதல் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். பிறகு முதல் தலைமுறையை ஓட்டி, அதே மூல நிரலைக் கொடுத்தார். கிடைத்தது இரண்டாம் தலைமுறை. முதலும் இரண்டும் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தால் தொகுப்பி தன்னைத் தானே ஈன்றுகொள்கிறது என்று பொருள். கணிதத்தில் இதை நிலைப்புள்ளி என்பார்கள். சொற்களை ஒப்பிடும் சிறு நிரலொன்றை ஓட்டினார். இரண்டும் ஒத்திருந்தன.

ஆனால் கையால் தொகுத்த மூதாதையும் முதல் தலைமுறையும் ஒத்திருக்கவில்லை. ஒரேயொரு சொல்லில் வேறுபாடு. தேடிப் பார்த்தால், குறிப்பேட்டில் ஒரு தாவலின் முகவரி ஒன்று தவறியிருந்தது. அந்தத் தாவல், அறிவிக்கப்படாத மாறி வரும்போது மட்டுமே நடக்கும். தொகுப்பியின் மூல நிரலில் அப்படியொரு மாறி இல்லாததால் பிழை ஒருபோதும் வெளிப்படவில்லை. மூதாதையிடம் பிழை இருந்தது. மூல நிரலில் இல்லை. ஆகவே வாரிசிடமும் இல்லை.

இதன் மறுபக்கத்தைக் கென் தாம்ப்ஸன் தம் டூரிங் விருது உரையில் சொல்லியிருக்கிறார். 1984இல் அச்சான உரை. தொகுப்பியின் இயக்கக் கோப்புக்குள் ஒரு சூதை ஒளித்துவைத்து, அந்தத் தொகுப்பி தன்னைத் தொகுக்கும் ஒவ்வொரு முறையும் அதே சூதைத் தன் வாரிசுக்குள் நுழைக்குமாறு செய்ய முடியும். மூல நிரலிலிருந்து அதன் தடயத்தை அழித்துவிட்டாலும் சூது தலைமுறை தலைமுறையாக வாழும். மூல நிரலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாலும் அகப்படாது. தன்னியல்பான பிழை ஒரு தலைமுறையில் உதிர்ந்துபோகலாம். திட்டமிட்ட பிழை உறைமோரின் நாற்றம்போல ஒவ்வொரு குடத்துக்கும் தொடரும். இந்த அச்சமே இன்று பலரை வேர்வரை தோண்ட வைத்திருக்கிறது. குயிக்ஸ் குழுவினர் 2023இல், வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதையிலிருந்து தொடங்கித் தங்கள் மென்பொருள் தொகுதியைப் படிப்படியாக மூல நிரலிலிருந்தே கட்டி எழுப்பும் வழியை அறிவித்தனர். அந்த 357 பைட்டுகளை ஒரு மனிதர் ஒரே அமர்வில் வாசித்துச் சரிபார்க்கலாம்.

ஹெப்பாளில் கிடைத்த நிலைப்புள்ளியை மிகைப்படுத்தலாகாது. இயக்கமொழிபெயர்ப்பி இன்னும் லினக்ஸில் தொகுக்கப்பட்டதே. அதைத் தொகுத்த எக்ஸ்பிஎல் தொகுப்பி சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கு அடியில் சி தொகுப்பி. எழில் மொழியின் நிலையும் இத்தகையதே: எழில் பைத்தானில் எழுதப்பட்டது; நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைத்தான் சி மொழியில் எழுதப்பட்டது. இதைக் குறையென்று சொல்வதில் பொருளில்லை. உள்நாட்டு இயங்குதளம், உள்நாட்டுச் செயலி என்று பேசும்போதும் இந்த ஏணியை நினைவில் கொள்வது நல்லது. முற்றிலும் சொந்தமானது என்று எதுவும் இல்லை. முதல் கரண்டி மோர் எப்போதும் இரவல்தான். இரவல் வாங்கிய பிறகு தன் வீட்டிலேயே அடுத்த நாளுக்கு உறை எடுத்துவைக்கிறோமா, நாள்தோறும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறோமா என்பதே வேறுபாடு.

மொழியியலிலும் இந்தச் சொல் வேறொரு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது. குழந்தை இலக்கணம் தெரியாமல் சொற்பொருளை எப்படி அறிகிறது, சொற்பொருள் தெரியாமல் இலக்கணத்தை எப்படி அறிகிறது? பொருளைப் பற்றிக்கொண்டு இலக்கண வகைகளுக்கு ஏறுகிறது என்று ஸ்டீவன் பிங்கர் 1984இல் வாதிட்டார். தொடரமைப்பைப் பற்றிக்கொண்டு வினைகளின் பொருளுக்கு ஏறுகிறது என்று லைலா கிளைட்மன் 1990இல் வாதிட்டார். இரு கோட்பாடுகளும் தற்றொடக்கம் என்ற பெயரையே சூடின. இரண்டிலும் குழந்தை அரைகுறையான முதல் ஊகமொன்றிலிருந்தே தொடங்குகிறது. அந்த ஊகத்தைக் கொண்டு அடுத்ததைப் பெறுகிறது. பிறகு முதல் ஊகத்தையே திருத்திக்கொள்கிறது.

குழந்தையைத் தாண்டி, ஒரு மொழிச் சமூகத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஒரு மொழியைப் பற்றி எந்த மொழியில் பேசுகிறோம்? தொல்காப்பியம் தமிழைத் தமிழிலேயே விவரித்தது. எழுத்து, சொல், பொருள் என்ற அதன் பகுப்புப் பெயர்கள் தமிழ்ச்சொற்கள். விவரிக்கும் நூற்பாக்களும் தமிழ். நிரலாளர் மொழியில் சொன்னால் அது தன்னைத் தானே தொகுத்துக்கொண்ட மொழி. வீரமாமுனிவர் இரண்டு வழியிலும் நடந்தவர். கொடுந்தமிழுக்கு இலத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று; 1730இல் தொன்னூல் விளக்கத்தைத் தமிழில் இயற்றினார். முன்னது குறுக்குத் தொகுப்பி. வெளியிலிருந்து வருவோருக்கு அது இன்றியமையாதது. பின்னது இம்மொழிக்குள் பிறந்தோருக்கு.

இன்று தமிழ் மொழியியலில் எழுதப்படும் ஆய்வேடுகளுள் பல தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுபவை. இந்திய மொழிகள் நடுவண் நிறுவனம் 1969 முதல் இயங்கிவரும் இதே மைசூரில், பன்மொழி அறிஞர்கள் ஒருவரோடொருவர் பேச ஒரு பொதுமொழி தேவைப்படுவதை யாரும் மறுக்க முடியாது. உலக அவைக்குச் செல்ல ஆங்கிலம் வேண்டும். ஆனால் தமிழில் எழுதும் பழக்கம் ஒரு தலைமுறை முழுதும் நின்றுபோனால், அடுத்த தலைமுறை புதிய கருத்தொன்றைத் தமிழில் சொல்ல முனையும்போது பிணைத்துக்கொள்ளப் பழைய பாவு இராது. ஒவ்வொரு கலைச்சொல்லையும், ஒவ்வொரு வாதத் தொடரையும் விழுதின் கண்ணில் தனித்தனியே கோக்க வேண்டியிருக்கும். முடியாத வேலையன்று, ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் நெய்வதற்கு நேரம் மிஞ்சாது. கலைச்சொல் அகராதிகள் பல இருந்தும் தமிழில் அறிவியல் எழுதுவது ஒவ்வொருவருக்கும் முதல்முறைபோலவே கடினமாக இருப்பதன் காரணம் சொல்லின் பற்றாக்குறை மட்டுமன்று. தொடர்ந்து எழுதப்பட்ட உரைநடையின் பற்றாக்குறை.

ஹெப்பாள் பொறியாளர் இவ்வளவையும் நினைத்துச் செய்தவர் அல்லர். அவருக்கு இப்போது வேறொரு வேலை இருக்கிறது. தொகுப்பியைப் பற்றிய விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். ஜலகண்டாபுரத்தில் தான் படித்த பள்ளியில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்காக. முதல் அத்தியாயம் எளிதாக ஓடியது. இரண்டாவதில் 'பின்னொட்டு நிரப்பல்' என்று ஒரு சொல்லை எழுதி, அடித்து, 'முகவரியைப் பின்னர் நிரப்புதல்' என்று திருத்தியிருக்கிறார். அடுக்கு, தாவல், நிலைப்புள்ளி ஆகியவை தடையின்றி வந்துவிட்டன. குறுக்குத் தொகுப்பிக்கு விளக்கம் எழுதும் இடத்தில் அரைப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. தந்தையிடம் கேட்டு, பாவு பிணைக்கும் முறையை வரிசை தப்பாமல் எழுதிக்கொண்ட பிறகு அதை நிரப்புவதாக உத்தேசம்.